சத்திரத்துக் கதவும் காப்பீட்டு அட்டையும்

1801 ஜனவரியில் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், 1799 ஒப்பந்தத்தின்படி, தஞ்சை நாட்டின் நிர்வாகம் கம்பெனியின் கைக்குப் போயிருந்தது. கோட்டையும் அதைச் சுற்றிய சிறு பகுதியும்தான் மன்னரிடம் மிச்சம். முன்னோர் கட்டிய சத்திரங்கள் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்ற கவலையோடு, அங்கே யாருக்கு என்ன கிடைக்கிறது என்பதை அந்தக் கடிதம் ஒவ்வொன்றாகச் சொல்கிறது.

வழிப்போக்கர்களுக்குச் சோறு. நள்ளிரவில் மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று கூவி அழைப்பது. அநாதைக் குழந்தைகளுக்கு உணவும் உடையும் படிப்பும். நோய்க்கும் வீக்கத்துக்கும் விஷக்கடிக்கும் மருந்து தெரிந்த வைத்தியர்கள். வழியில் நோயில் விழுந்தவர் குணமாகும்வரை மருந்தும் பத்தியச் சாப்பாடும். அதன்பிறகு வருவதுதான் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் பகுதி. கர்ப்பிணிப் பெண் வந்து சத்திரத்தில் பிரசவித்தால், பிரசவச் செலவு சத்திரத்துடையது. மருந்து உண்டு. பிள்ளை பெற்ற பிறகு மூன்று மாதம்வரை அங்கேயே தங்கலாம்.

உன் ஊர் எது, உன் புருஷன் எங்கே, பணம் யார் கட்டுவார்கள் என்று கேட்ட பிறகுதான் சேர்த்துக்கொள்வோம் என்பது அந்தக் கடிதத்தில் இல்லை. இன்று தரங்கம்பாடியிலோ பொறையாரிலோ நள்ளிரவில் வலி கண்ட ஒரு பெண்ணை வண்டியில் ஏற்றும்போது, வீட்டார் வாயில் முதலில் வரும் வார்த்தை "கார்டு எங்க?" என்பது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்திருக்கின்றன. பணமும் காப்பீடும் இல்லாத பெண்ணுக்கு ஆபத்து வேளையில் யார் கதவு திறந்தார்கள், யாருடைய பொறுப்பில் திறந்தார்கள் என்று அந்த இருநூறு ஆண்டுகளைப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், சத்திரத்தைப் பொற்காலம் ஆக்கிவிட வேண்டாம். சத்திரத்தின் பந்தியில் சாதி இருந்தது. பிராமணருக்கு ஒரு வரிசை, மற்றவருக்கு வேறு. வேதம் சொல்லிக்கொடுக்க ஆசிரியர்கள் அங்கே இருந்தார்கள். வேதத்தைக் காதால் கேட்கக்கூட உரிமை இல்லாதவர்கள்தான் சத்திரத்துக்கு நெல் விளைவித்தார்கள். செத்தால் சடங்குகூட அவரவர் சாதிப்படிதான். ஆனாலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தச் சத்திரங்கள் பலவற்றுக்குப் பெண்களின் பெயர். நீடாமங்கலத்துச் சத்திரம் பிரதாபசிம்மரின் மனைவி யமுனாம்பாள் பெயரில் யமுனாம்பாள்புரம் ஆனது. ஒரத்தநாட்டுச் சத்திரம் முக்தாம்பாள் பெயரில். அவர் சரபோஜியின் பட்டத்தரசி அல்ல, ஆசைநாயகி. அரண்மனையின் அதிகாரத்தில் இடம் இல்லாத ஒரு பெண்ணின் பெயர், அடுத்தவர் உயிரைக் காக்கும் கட்டடத்தில் நிலைத்துவிட்டது. அதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு, ராஜராஜனின் அக்கா குந்தவை தஞ்சையில் ஓர் ஆதுலசாலைக்கு நிலம் விட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. ஆள்வது ஆண்களாகவும் ஆற்றுவது பெண்களாகவும் இருந்த நாடு இது. தர்மம் என்பது பெண்ணுக்கு அனுமதிக்கப்பட்ட பொதுவாழ்வு.

சத்திரம் செயல்பட்ட முறை எளிமையானது. சில கிராமங்களின் விளைச்சல் அதற்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். அந்த நெல்தான் வைத்தியருக்குச் சம்பளம், மருந்துக்கு விலை, பிள்ளை பெற்றவளுக்குக் கஞ்சி. செலவு முன்கூட்டியே நிலத்தில் கட்டப்பட்டுவிட்டது. வருகிறவரிடம் கேட்க எதுவும் மிச்சம் இல்லை. இன்றைய மொழியில் சொன்னால், பணம் ஆளைத் தொடரவில்லை, இடத்தில் காத்திருந்தது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இனி தரங்கம்பாடிக்கு வருவோம். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு செய்த உடன்படிக்கையில் டேனிஷ்காரர்கள் இந்த ஊரைப் பெற்றார்கள். டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. 1706 ஜூலையில் பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹைன்ரிக் புளுட்சாவும் கரையிறங்கினார்கள். அச்சுக்கூடம், பள்ளிக்கூடம் என்று அந்த மிஷனின் பெருமைகளை எல்லோரும் சொல்லுவார்கள். மருத்துவம் பற்றிய பேச்சு குறைவு. 1711இல் கிரண்ட்லர் என்ற மிஷனரி, இங்குள்ள தமிழ் மருத்துவத்தைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு கையெழுத்து நூலே தயாரித்தார். 1730இல் ஷ்லேகல்மில்ஷ் என்ற மருத்துவர் மிஷனுக்காக அனுப்பப்பட்டு, வந்த கொஞ்ச நாளிலேயே இறந்துபோனார். 1732இல் வந்த சாமுவேல் பெஞ்சமின் க்னோல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கே வைத்தியம் பார்த்தார். அவருக்குப் பின் 1768இல் வந்தவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். அவரைத் தாவரவியலாளராகத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஹாலே நகரத்து அநாதை இல்லத்தில் தயாரித்த மருந்துகள் கப்பலேறித் தரங்கம்பாடிக்கு வந்தன.

இந்த மருத்துவர்கள் ஆண்கள். அவர்களைப் பற்றி எழுதியவர்களும் ஆண்கள். பிரசவ அறைக்குள் அவர்களுக்கு இடம் கிடையாது. அங்கே இருந்தவள் மருத்துவச்சி. நாவிதர் குடும்பத்துப் பெண். மற்ற நாளில் அவள் திண்ணையில்கூட உட்கார முடியாது. வலி கண்டுவிட்டால் நடுவீட்டுக்கே வரலாம். குழந்தை பிறந்த பிறகு அவள் தொட்ட இடத்தையெல்லாம் கழுவிவிடுவார்கள். அவள் வீட்டுக்குக் கூலி தனித்தனிப் பிரசவத்துக்காக மட்டும் வரவில்லை. அறுவடையின்போது களத்தில் ஊர்த் தொழிலாளருக்கு அளக்கும் நெல்லில் அந்தக் குடும்பத்துக்கும் பங்கு உண்டு. அதோடு வெற்றிலை பாக்கு, அரிசி, முடிந்தவர்கள் ஒரு சேலை. ஊர் முழுக்க ஆண்டுக்கொருமுறை கட்டும் சந்தா போன்றது அது. நடு இரவில் கதவைத் தட்டும்போது பணத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை என்பதுதான் அந்த ஏற்பாட்டின் பலம். அவளுக்கு மறுக்கும் உரிமை இல்லை என்பது அதன் கொடுமை. பிள்ளை குறுக்கே விழுந்துவிட்டாலோ ரத்தம் நிற்காமல் போனாலோ அவள் கையிலும் ஒன்றும் இல்லை.

1845இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் சென்னையில் பிரசவ மருத்துவமனை தொடங்கியிருந்தது. இன்றைய எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனை. 1885இல் மேரி ஷார்லீப் முயற்சியால் விக்டோரியா மருத்துவமனை வந்தது. அதன் பெயரிலேயே 'சாதி', 'கோஷா' என்ற இரண்டு சொற்களும் இருந்தன. ஆண் மருத்துவரிடம் வராத பெண்களுக்காக அது கட்டப்பட்டது. 1890களில் திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று ஆண்கள் தத்தம் மனைவிக்குப் பிரசவம் பார்க்கப் பெண் வேண்டுமென்று ஐடா ஸ்கடரிடம் வந்து நின்றதும், அவர் அப்போது மருத்துவம் படிக்காததால் போக முடியாமல் அந்த மூன்று பெண்களும் இறந்ததும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் தொடக்கக் கதையாகச் சொல்லப்படுகிறது. பணம் இல்லாததால் மட்டுமல்ல, மானம் என்று ஆண்கள் வரைந்த கோட்டாலும் பெண்கள் செத்தார்கள். அந்தக் கோட்டைத் தாண்டத்தான் பெண் மருத்துவர்கள் தேவைப்பட்டார்கள்.

சுதந்திரத்துக்குச் சற்று முன், 1946இல், ஜோசப் போர் தலைமையிலான குழு ஓர் அறிக்கை கொடுத்தது. பணம் கட்ட முடியாது என்ற காரணத்தால் ஒருவருக்கும் சிகிச்சை கிடைக்காமல் போகக் கூடாது என்பது அதன் அடிப்படை. நாடு கிடைத்த பிறகு, இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் 1948இல் வந்தது; 1952இல் நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அது ஆலைக்கு வந்த சட்டம். நாற்று நடும் பெண், களை பறிக்கும் பெண், தரங்கம்பாடிக் கரையில் ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் சுமந்து தெருத்தெருவாக விற்கும் பெண், கருவாடு காயவைக்கும் பெண் யாரும் அதற்குள் வரவில்லை. டெல்டாவின் சோற்றை விளைவித்தவர்களுக்கு முதலாளியும் நிலையாக இல்லை, சம்பளப் பட்டியலும் இல்லை. காப்பீடு என்ற சொல் நம் பெண்களைத் தொடாமலே ஐம்பது அறுபது ஆண்டுகள் கடந்து போயின.

அப்படியானால் அந்த ஆண்டுகளில் அவர்களுக்குக் காப்பீடு எது? தோடு, மூக்குத்தி, தாலியில் கோர்த்த குண்டுமணி. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் சித்திக்கு ஒரு ராத்திரி அடிவயிற்றில் வலி. நாள் தள்ளிப்போயிருந்தது. கரு கர்ப்பப்பையில் தங்காமல் குழாயில் தங்கி, குழாய் வெடித்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஊரில் இருந்த ஒரே வாடகைக் காரைப் பிடித்துப் பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர், "மொதல்ல முன்பணம் கட்டுங்க. அப்புறந்தான் டாக்டரக் கூப்புட முடியும்" என்றார். "தம்பி, புள்ள பேச்சுமூச்சு இல்லாம கெடக்கு. விடிஞ்சா காசு வந்துரும்யா" என்று அப்பாயி கெஞ்சினார். அவர் பதில் சொல்லவில்லை. அடகுக்கடை திறக்கும் நேரமும் இல்லை. அப்பாயி இரண்டு காதுத் தோட்டையும் கழற்றி எதிரில் இருந்த மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்தார். அவர் எடைகூடப் பார்க்காமல் பணம் எண்ணிக் கொடுத்தார். சித்தி பிழைத்துக்கொண்டார். அந்தத் தோடு திரும்பி வரவில்லை. அதன்பின் கடைசிவரைக்கும் அப்பாயி காதில் வேப்பங்குச்சிதான் இருந்தது.

எங்கள் தெருவில் இது வினோதமான கதை இல்லை. எந்த வீட்டில் கேட்டாலும் ஒரு தோட்டின் கதை இருக்கும். பெண்ணுக்கு நகை சீதனம், அலங்காரம் என்று சொல்கிறோம். உண்மையில் அது வீட்டின் அவசரச் சிகிச்சை நிதி. அதைச் சுமப்பவள் பெண். எப்போது கழற்றுவது என்று முடிவு செய்பவர் பெரும்பாலும் ஆண். கணவனுக்கு நெஞ்சுவலி என்றால் நகை உடனே கழன்றுவிடும். அவளுக்கே வலி என்றால், 'காலையில பாக்கலாம்' என்று அவளே சொல்லிவிடுவாள். நகை தீர்ந்த வீடுகளுக்குத் தண்டல்காரரும், பிறகு சுயஉதவிக் குழுக் கடனும் வந்தன. அதையும் வாரந்தோறும் கட்டுவது அவள்தான்.

அந்த இரவில் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. மருத்துவமனை அப்படிச் சொல்லக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அதற்கு முன்பே தீர்ப்பளித்திருந்தது. ஸ்கூட்டரில் போன ஒருவர் மீது கார் மோதியது. தூக்கிக்கொண்டு ஓடியவரிடம், இது போலீஸ் கேஸ், வேறு மருத்துவமனைக்குப் போ என்றார்கள். அது இருபது கிலோமீட்டர் தள்ளி. போகும் வழியிலேயே அவர் இறந்தார். இந்தச் செய்தியை வைத்துப் பர்மானந்த் கடாரா தொடுத்த வழக்கில், 1989 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, உயிரைக் காப்பதுதான் முதல் கடமை. நடைமுறைகள் எல்லாம் பிறகு. அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் இதுவும் அடக்கம் என்றது நீதிமன்றம்.

அடுத்தது மேற்கு வங்கத்து வழக்கு. 1992 ஜூலையில் ஹகிம் ஷேக் என்ற விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். ஒன்றன்பின் ஒன்றாக அரசு மருத்துவமனைகள் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பின. கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சுமார் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். அவருடைய தொழிலாளர் சங்கம் வழக்குப் போட்டது. 1996இல் உச்ச நீதிமன்றம் 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. நிதி இல்லை என்பதை அரசு ஒரு காரணமாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னது. தனி ஆளாகப் போயிருந்தால் அவர் வழக்கு அங்கே போய்ச் சேர்ந்திருக்குமா என்பது சந்தேகம். சங்கம் இருந்ததால் அது சட்டமாயிற்று. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் மீன் விற்கும் பெண்ணுக்கும் இதில் பாடம் இருக்கிறது.

2006இல் சட்ட ஆணையம் தன் 201ஆவது அறிக்கையை அளித்தது. விபத்தில் சிக்கியவர், அவசர நிலையில் உள்ளவர் என்பவர்களோடு, பிரசவ வலியில் இருக்கும் பெண்ணையும் அதன் தலைப்பே தனியாகச் சொன்னது. இவர்களைப் பணம் கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ஒரு சட்ட வரைவையும் சேர்த்துக் கொடுத்தது. அது இன்றுவரை நாடு முழுமைக்குமான தனிச் சட்டமாகவில்லை. 2010இல் நாடாளுமன்றம் இயற்றிய மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. 1997இல் தான் இயற்றிய சட்டத்தையே வைத்திருக்கிறது. 2023இல் ராஜஸ்தான், முன்பணம் இல்லாமல் அவசரச் சிகிச்சை என்பதைச் சுகாதார உரிமைச் சட்டத்தில் எழுதியபோது, அங்கே தனியார் மருத்துவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். செலவை யார் தருவது என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதுதான். அதற்கான பதிலை வாசலில் துடிக்கும் பெண்ணிடம் கேட்பதுதான் அநியாயம்.

அமெரிக்காவிலும் கதை வேறல்ல. 1980களில் சிகாகோவின் தனியார் மருத்துவமனைகள், பணம் இல்லாதவர்களைக் குக் கவுண்டி அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவைத்துக்கொண்டிருந்தன. அப்படி அனுப்பப்பட்டவர்களை ஆராய்ந்து மருத்துவர்கள் 1986இல் வெளியிட்ட கட்டுரையில், 87 சதவீதம் பேரை மாற்றியதற்குக் காரணம் காப்பீடு இல்லாததுதான் என்று தெரிந்தது. பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் ஸ்பானிய மொழி பேசும் வழிவந்தவரும். அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அவசரப் பிரிவுக்கு வந்த யாரையும் பரிசோதித்து, நிலைப்படுத்தாமல் அனுப்பக் கூடாது. பிரசவ வலியில் இருப்பவரும் அதில் அடக்கம். கதவு திறந்தது, ஆனால் பில் பிறகு வீட்டுக்கு வரும். 2022இல் கருக்கலைப்பு உரிமை அங்கே பறிக்கப்பட்ட பிறகு, உயிருக்குப் போராடும் கர்ப்பிணிக்குக் கருவை அகற்றுவதும் அவசரச் சிகிச்சையா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. இங்கே நம்முடைய 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காக்க உடனடியாகத் தேவை என்றால் வாரக் கணக்கு பார்க்காமல் ஒரே மருத்துவர் முடிவு செய்யலாம் என்கிறது. பல பெண்களுக்குத் தெரியாத பிரிவு அது.

2004 டிசம்பர் 26 காலை கடல் ஊருக்குள் வந்தது. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தரங்கம்பாடி அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. அரசுக் கணக்கை மேற்கோள் காட்டி ஆக்ஸ்ஃபாம் 2005இல் வெளியிட்ட அறிக்கையில், அந்த மாவட்டத்தில் இறந்த பெண்கள் 2,406, ஆண்கள் 1,883 என்று இருந்தது. ஆண்கள் பலர் கடலுக்குள் போயிருந்தார்கள். ஆழ்கடலில் அலை தெரியவில்லை. மீனுக்காகக் கரையில் காத்திருந்தவர்கள் பெண்கள். குழந்தைகளை விட்டுவிட்டு ஓட முடியாதவர்களும் பெண்கள். உயிர் பிழைத்து வந்தவர்களிடம் முகாம்களில் யாரும் அட்டை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அது கடலோடு போயிருக்கும். கேட்காமல் சிகிச்சை தருவது அரசுக்கு முடியாத காரியம் இல்லை என்பது அந்த நாட்களில் தெரிந்தது. பிறகு, குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த தாய்மார்களுக்குக் கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவைச் சிகிச்சையை அரசு இலவசமாக அறிவித்தது. ஆறுதல்தான். ஆனால் பெண்ணின் கர்ப்பப்பைக்கு எப்போதும் ஒரு திட்டம் இருக்கிறது. அவளுடைய நெஞ்சுக்கும் தலைக்கும் அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை என்று எனக்குத் தோன்றியது.

2012 நவம்பரில், தரங்கம்பாடிக்குத் தெற்கே நண்டலாற்றைத் தாண்டினால் வரும் காரைக்காலில், ஓர் இளம் பொறியாளர் மீது அமிலம் ஊற்றப்பட்டது. ஊர் ஊராக மருத்துவமனை மாற்றினார்கள். சிகிச்சைக்குப் பொதுமக்கள் காசு சேர்த்துக் கொடுத்தார்கள். 2013 பிப்ரவரி 12 அன்று சென்னையில் அவர் இறந்தார். அதே பிப்ரவரி 3ஆம் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத் திருத்தம், பாலியல் வல்லுறவுக்கு ஆளானவருக்கும் அமில வீச்சுக்கு ஆளானவருக்கும் அரசு, தனியார் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லா மருத்துவமனைகளும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்று சொன்னது. மறுத்தால் ஓராண்டுவரை சிறை. இப்போது அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 397ஆம் பிரிவு. தண்டனை பாரதிய நியாய சன்ஹிதாவில் 200ஆம் பிரிவு. இந்த இரண்டு எண்களையும் ஒவ்வொரு கல்லூரி விடுதியின் சுவரிலும் எழுதிவைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இதோடு இன்னொரு வரலாறும் நடந்துகொண்டிருந்தது. அதை மறைத்துவிட்டுக் குறை மட்டும் பேசினால் நியாயமாகாது. 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள், அவசரப் பிரசவத்துக்கும் சிசு பராமரிப்புக்குமான சீமாங்க் மையங்கள், 2008 செப்டம்பரில் வந்த 108 ஆம்புலன்ஸ் எல்லாம் சேர்ந்துதான், 2018-20 கணக்கின்படி ஒரு லட்சம் உயிருடன் பிறப்புக்குத் தாய்மார் இறப்பை 54 ஆக இறக்கின. அப்போது இந்தியச் சராசரி 97. இவற்றில் எதற்கும் அட்டை தேவையில்லை. சத்திரத்தைப் போலவே, பணம் இடத்தில் காத்திருந்தது.

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது; 2012 ஜனவரியிலிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். இருதய அறுவை, புற்றுநோய்ச் சிகிச்சை என்று முன்பு நினைத்தே பார்க்க முடியாதவை ஏழைகளுக்குக் கிடைத்தன. ஆனால் பணம் இப்போது ஆளைத் தொடர ஆரம்பித்தது. பட்டியலில் உள்ள சிகிச்சை, பட்டியலில் உள்ள மருத்துவமனை, வருமான வரம்புக்குள் இருக்கும் குடும்பம். இதில் குடும்பம் என்ற சொல்லைத்தான் நாம் நிறுத்திப் படிக்க வேண்டும். அட்டைக்கு அடிப்படை ரேஷன் கார்டு. கூடவே கிராம நிர்வாக அலுவலர் வழியாக வரும் வருமானச் சான்று. கணவன் விட்டுப் போனவளின் பெயர் இன்னும் அவன் கார்டில் இருக்கும். பெயர் நீக்க அவன் தயவு வேண்டும். அண்ணன் வீட்டில் தங்கியிருக்கும் விதவையின் பெயர் எந்தக் கார்டில்? வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட திருநங்கைக்குக் குடும்பம் எது? அடி வாங்கி ரத்தம் ஒழுக நிற்கிறவள், அடித்தவன் பெயரில் உள்ள அட்டையை அவனிடமே போய்க் கேட்க வேண்டுமா? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 41 சதவீதக் குடும்பங்களில் யாராவது ஒருவருக்குக் காப்பீடு இருந்தது. தனித்தனியாகக் கேட்டபோது பெண்களில் 30 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 33 சதவீதம் பேருக்கும்தான். குடும்பத்துக்கு வந்தது எல்லாம் பெண்ணுக்கு வந்துவிடுவதில்லை.

2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் இந்த இடத்தில் முக்கியமானது. தமிழ்நாட்டின் எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கியவர் யாராக இருந்தாலும், எந்த மாநிலத்தவரானாலும், அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் இதில் உண்டு. நீ யார் என்று கேட்காத அந்தப் பழைய வழக்கம் அரசாணையாகத் திரும்பி வந்தது போல இருந்தது எனக்கு. ஆனால் அது சாலைக்கு மட்டும். வீட்டுக்குள் நடக்கும் விபத்துக்கு இல்லை. அடுப்படியில் தீப்பிடித்தவள், கிணற்றடியில் பாம்பு கடித்தவள், குழாயில் கரு தங்கி வெடித்தவள் அந்த 48 மணி நேரத்துக்குள் வரவில்லை. சாலையில் அதிகம் அடிபடுகிறவர்கள் ஆண்கள். பெண்ணின் ஆபத்துகளில் பெரும்பாலானவை வாசலைத் தாண்டுவதே இல்லை.

தூரமும் ஒரு கட்டணம்தான். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல் ரயில் வந்தது; 1986இல் அந்தப் பாதையை மூடினார்கள். மயிலாடுதுறை 2020 டிசம்பரில் தனி மாவட்டம் ஆனது. இதை எழுதும்வரை அங்கே அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. பெரிய சிகிச்சை என்றால் திருவாரூரோ தஞ்சாவூரோ போக வேண்டும். ஆற்றைத் தாண்டினால் காரைக்கால் பக்கம்தான். ஆனால் அது வேறு அரசு, வேறு நிர்வாகம். கூடப் போகிறவளின் கூலி, அங்கே அவள் சாப்பாடு, வீட்டில் விட்டுவந்த பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் எந்தக் காப்பீடும் கிடையாது. தேசியக் கணக்கின்படி 2013-14இல் மருத்துவச் செலவில் 64.2 சதவீதம் மக்கள் கையிலிருந்து போனது. 2021-22இல் அது 39.4 சதவீதமாகக் குறைந்தது. குறைந்தது நல்லதுதான். ஆனால் காத்திருந்த இரவுகளும் இழந்த கூலியும் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். சத்திரத்தின் முறையும், நம் ஆரம்ப சுகாதார நிலையத்தின் முறையும், விபத்துக்கான 48 மணி நேரத் திட்டமும் ஒரே வழியில் செயல்படுகின்றன: முதலில் உடல், பிறகு விசாரணை. நகையும் முன்பணமும் அட்டையும் இன்னொரு வழி: முதலில் ஜாமீன், பிறகு உடல். இரண்டாவது வழியில் பெண்ணுக்கு ஜாமீன் நிற்பது எப்போதும் ஓர் ஆணோ ஒரு குடும்பமோதான். அதனால்தான் அவசரச் சிகிச்சை குடும்பத்தின் பெயரில் இல்லாமல் ஆளின் பெயரில் இருக்க வேண்டும் என்று கேட்கிறோம். சாலைக்குக் கொடுத்த 48 மணி நேரத்தை அடுப்படிக்கும் பிரசவ அறைக்கும் கொடுங்கள் என்று கேட்கிறோம். சட்ட ஆணையம் எழுதிவைத்த வரைவைச் சட்டமாக்குங்கள் என்று கேட்கிறோம்.

அதுவரை நம் கையில் இருப்பதைப் பயன்படுத்துவோம். அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற அட்டை நிபந்தனை அல்ல. அட்டை கேட்டால், இல்லை என்று சொல்லிச் சேரலாம். வல்லுறவுக்கும் அமில வீச்சுக்கும் ஆளானவரை எந்த மருத்துவமனையும் திருப்பி அனுப்ப முடியாது. காசும் கேட்க முடியாது. தனியார் மருத்துவமனை ஆபத்தில் இருப்பவரைத் திருப்பினால் 1989 தீர்ப்பைச் சொல்லுங்கள். மறுத்தவர் பெயர், நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். வழக்குக்கு அது வேண்டும்.

மாணவிகளுக்கு ஒரு வேலை. உங்கள் வீட்டுப் பாட்டியிடமும் பக்கத்து வீட்டு அக்காவிடமும் உட்கார்ந்து கேளுங்கள். எந்த வருஷம், யாருக்கு வலி, எந்த நகை போனது, எத்தனை வட்டிக்கு, திரும்பி வந்ததா. டேனிஷ் மருத்துவர்களுக்குப் பதிவேடு உண்டு, சரபோஜிக்குக் கடிதம் உண்டு. இந்தப் பெண்களின் கணக்கு மட்டும்தான் இன்னும் யாராலும் எழுதப்படாமல் இருக்கிறது.